நாற்பத்தெட்டாவது கேள்வி

போன வாரம் பவானி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு முதியோர் இல்ல ஆய்வுக் குழுவில் என் இடத்துக்கு வந்த நர்ஸ். நல்ல பெண்தான். ஆனால் 'ஹலோ' சொல்வதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"அக்கா, இனிமே பேப்பர் ஃபார்ம் கெடையாதாம். எல்லாமே செல்போன் ஆப்லதானாம், போட்டோ எடுத்து ஏத்தணுமாம். பழைய ஃபார்ம்ல கடைசியா ஒரு கேள்வி இருந்திச்சில்ல, நாப்பத்தெட்டாவது? அதக் காணோம். கேட்டா, முப்பத்தி நாலாவது கேள்வியும் அதுவும் ஒண்ணுதானாம், எடுத்துட்டாங்களாம். நீங்க சேக்க வெச்ச கேள்வின்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எதுக்குக்கா அது?"

எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். போனில் சொன்னால் என்னை நானே கொஞ்சம் நல்லவளாக்கிக்கொண்டு விடுவேன் என்ற பயம்தான் காரணம்.

என் உத்தியோகக் கதையில் பெரும்பகுதிக்கு இரண்டு வரி போதும். மூன்று வருடம் பயிற்சி, அதில் பாதி நாள் மூத்த சிஸ்டர்களிடம் திட்டு வாங்குவதிலேயே போனது. இருபத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனை வார்டுகள். அதற்குள் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. லைட் டியூட்டி கேட்டு மனுப் போட்டேன். விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் உள்ள முதியோர் இல்லங்களை ஆய்வு செய்யும் குழுவில் சுகாதார உறுப்பினராக என்னைப் போட்டார்கள். பார்த்துவிட்டு வருவதற்குக் கண் போதும், முட்டி எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அதில் ஒன்பது வருடம் இருந்தேன்.

குழு என்றால் ஏதோ பெரிய பட்டாளம் என்று நினைக்க வேண்டாம். தலைவர் ஞானசேகரன் சார், நான், ஜீப் டிரைவர். டிரைவர் கீழே இறங்க மாட்டார். ஆக, குழு என்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஞானசேகரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஆள் யோக்கியர். ஒரு ரூபாய் கை நீட்டி வாங்கியதாக யாரும் சொல்ல முடியாது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, மீசையில் ஒரு முடி தப்பி நிற்காது. எந்த நாற்காலியிலும் கைக்குட்டையை விரித்துப் போட்டுத்தான் உட்காருவார். பச்சை மை பேனாவை மூடி திறக்காமல் விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இருப்பார். திடீர் ஆய்வு என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. முந்தின நாள் மாலையே இல்லத்துக்குப் போன் போட்டு, அதை அறிவித்துவிடுவார்.

"நாளைக்குக் காலைல பத்தரைக்குத் திடீர் ஆய்வு. திடீர்னுதான் வருவோம், ரெடியா இருங்க."

ஒருமுறை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சொல்லிட்டுப் போனா அது எப்படி சார் திடீர் ஆய்வு?" என்று கேட்டுவிட்டேன்.

"சொல்லாம போயி, அவங்க கேட்டப் பூட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தா டீசல் செலவுக்கு யாரு பதில் சொல்றது சிஸ்டர்? நீங்க சொல்வீங்களா?"

என்னால் சொல்ல முடியாதுதான். படுக்கையில் கிடக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டா கல்யாணத்துக்குப் போவார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

படிவத்தில் நாற்பத்தேழு கேள்விகள். பெரும்பாலானவற்றுக்கு ஆம், இல்லை, அல்லது ஓர் எண். தீயணைப்புக் கருவி உள்ளதா? ஆம். காலாவதியாகி எத்தனை வருடம் ஆனது என்று படிவம் கேட்காது. பொழுதுபோக்கு வசதி உள்ளதா? ஆம். கேரம் போர்டு சுவரில் சாய்ந்திருக்கும், காய்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. முதியோர் மகிழ்ச்சியாக உள்ளனரா? அதற்கும் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். முப்பத்தொன்று முதல் முப்பத்தெட்டு வரை என் பொறுப்பு. அதில் முப்பத்து நான்காவது, 'படுக்கைப்புண் உள்ளவர்களின் எண்ணிக்கை.' அதற்கு விடை இல்லத்தின் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் சைபர் என்று இருந்தால் நாங்களும் சைபர் போடுவோம்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. படிவத்தில் கையெழுத்தை ஆபீஸிலேயே போட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறுவோம். மங்கலம்பேட்டை ரோட்டில் ஜீப் குதிக்கிற குதியில் கையெழுத்து கோணிக்கொண்டு போகும், மேலிடத்தில் கேள்வி வரும் என்பது சாரின் கவலை. கையெழுத்து நேராக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. ஒன்பது வருடத்தில் ஏழு வருடம் நானும் மேசை மேல் வைத்து, நிறுத்தி நிதானமாக, அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

போய் இறங்கியதும் சார் சமையலறைக்குப் போவார். கரண்டியில் சாம்பாரை எடுத்து உள்ளங்கையில் ஊற்றி, முகர்ந்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி நிற்பார். சமையல்காரம்மா சாமி வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். "பெருங்காயம் ஒரு சிட்டிகை தூக்கலா போடுங்க" என்று தீர்ப்பு வரும். பிறகு வார்டு. ஒவ்வொரு கட்டிலிலும் மூன்று கேள்விகள். "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? பையன் பேசினானா?" மூன்றாவதைக் கேட்கும்போது அடுத்த கட்டிலுக்குப் பாதி தூரம் போயிருப்பார். பையனே இல்லாதவர்கள் அவர் முதுகைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். கடைசியில் வருகையாளர் புத்தகத்தில் பச்சை மையில், 'பராமரிப்பு திருப்தியளிக்கிறது.'

ஆய்வு நாளில் எல்லா இல்லத்திலும் தீபாவளிதான். குளியல், சவரம், தலைக்கு எண்ணெய், பாயசம், சில இடங்களில் கோழிக்குழம்பு. கம்மாபுரம் பக்கத்தில் ஒரு தாத்தா சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அடுத்து எப்பய்யா வருவீங்க? மாசா மாசம் வரக் கூடாதா?" என்று கண்கலங்கக் கேட்டார். சார் உருகிவிட்டார். முதியோர் தன்னை எப்படி எதிர்பார்த்து ஏங்குகிறார்கள் என்று கூட்டங்களிலெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாத்தா ஏங்கியது கோழிக்காலுக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த இல்லம். ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். பெயர் வேண்டாம். அன்பு, நிழல், கூடு, கருணை இவற்றில் ஏதாவது இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். மேனேஜர் சுகந்தி. நாற்பது வயதிருக்கும், சுறுசுறுப்பு. எல்லாரையும் 'செல்லம்' என்றுதான் கூப்பிடுவாள். எண்பது வயதுக்காரரும் செல்லம்தான்.

ஒரு வருடம் அங்கே போனபோது புது மெத்தைகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். மேலே பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. சார் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அந்த உறையைத் தடவிப் பார்த்து, "புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்களேம்மா! இப்படித்தான் இருக்கணும்" என்றார். புத்தகத்திலும் பச்சை மையில் எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிளாஸ்டிக் மேல் ஒரு மனிதரைப் படுக்கவைத்தால் முதுகு வேர்த்து ஊறி என்ன ஆகும் என்பது நர்ஸ் வேலைக்கு வந்த முதல் மாதமே தெரிந்துகொள்கிற பாடம். உறையைக் கழற்றச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு இரண்டு நொடி போதும். சார் பாராட்டி முடித்த பிறகு எப்படி மறுத்துப் பேசுவது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் போனபோது அந்த உறைகள் அப்படியே இருந்தன. பாராட்டு வாங்கிய பொருளை யார் கழற்றுவார்கள்?

அப்போது கோசலை அம்மா அங்கே வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எழுபது தாண்டியவர். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு கப் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலையில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். சூளையிலிருந்து வந்த கப்பைக் கையில் எடுத்து, விரல் கணுவால் தட்டி, அடியைத் திருப்பிப் பார்த்து, ஃபர்ஸ்டா செகண்ட்ஸா என்று ஒதுக்கும் வேலை. பிள்ளைகள் இல்லை. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானதும் பெண்ணாடத்தில் இருக்கும் அக்கா மகள் தேவகி கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

அவர் கட்டிலை நெருங்கியதும் சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறியது.

"என்னம்மா, இங்க மட்டும் சாம்பிராணி?" என்று சுகந்தியைக் கேட்டேன்.

"வெள்ளிக்கெழமையில்ல மேடம், அதான்" என்றாள்.

அன்று புதன்கிழமை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்ததைக் குறிக்கும் அட்டை. காலை ஆறு மணி வலப்பக்கம், எட்டு மணி நேராக, பத்து மணி இடப்பக்கம் என்று அழகாக எழுதியிருந்தது. மாலை நான்கு மணிக்கும் எழுதியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றேகால்.

"சார், நாலு மணிக்குத் திருப்புனதா இப்பவே எழுதியிருக்குது" என்றேன்.

சார் எட்டிப் பார்த்தார். "நாலு மணிக்கு எப்படியும் திருப்பத்தானே போறாங்க சிஸ்டர்? முன்கூட்டியே திட்டமிடுறாங்க. நல்ல விஷயந்தானே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், அதோடு விட்டுவிட்டேன். ஆய்வுக்கு வருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு வந்த எனக்கு, நாலு மணி அட்டையைப் பற்றி என்ன பேச்சு?

சார் மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்து அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். கோசலை அம்மா மல்லாந்து படுத்தபடியே என்னைப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த பீங்கான் கப்பைக் கை நீட்டி விரல் கணுவால் தட்டினார். 'ணங்' என்று கேட்டது.

"நீ நர்ஸம்மாவா?"

"ஆமாங்கம்மா."

"எங்க கம்பெனியில மேல பளபளன்னு இருக்குதேன்னு ஒரு சாமான விட மாட்டோம்மா. தட்டிப் பாப்போம். அடியத் திருப்பிப் பாப்போம். அப்புறந்தான் பெட்டியில வெப்போம். நீங்க மேலாக்கப் பாத்துட்டே போறீங்களே!"

சுகந்தி சிரித்துக்கொண்டே அவர் தலையைத் தடவினாள். "செல்லத்துக்கு எப்பவும் ஃபேக்டரி நெனப்புதான் மேடம்."

முப்பத்தெட்டாவது கேள்வி, படுக்கையில் இருப்போரின் மனநிலை. அதில் கோசலை அம்மா பெயருக்கு எதிரே 'உற்சாகம்' என்று எழுதினேன். முப்பத்து நான்கில் சைபர்.

இருபது நாள் கழித்து வீட்டுக்கு விருந்தாட்கள் வருகிறார்கள் என்று ரோட்டோரம் செகண்ட்ஸ் கப் விற்கிற கடைக்குப் போனேன். ஆறு கப் கேட்டேன். கடைக்கார அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, அடியைத் திருப்பி என் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுப் பேப்பரில் சுற்றினார். நாலாவது கப் 'டொக்' என்றது. "இது வாணாம்மா, உள்ள விரிசல் கீது, வெளிய தெரியாது" என்று ஓரமாக வைத்தார்.

எனக்கு அங்கேயே உறைத்துவிட்டது. சாம்பிராணி. புதன்கிழமை. நாலு மணி. அடியைத் திருப்பிப் பாப்போம். அந்த அம்மா ஃபேக்டரிக் கதையா சொன்னார்? மேனேஜர் தலைமாட்டில் நிற்கும்போது வேறு எப்படிச் சொல்வார்? கப்புக்குக் காசு கொடுத்தேனா, வாங்கிக்கொண்டு வந்தேனா என்றுகூட நினைவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த இல்லத்துக்குப் போனேன். என்னிடம் உத்தரவு கிடையாது, ஜீப்பும் கிடையாது, ஆட்டோவில் போனேன். சுகந்தி நைட்டியோடு ஓடி வந்தாள்.

"ஆய்வா மேடம்? சொல்லவேயில்லியே!"

"அன்னைக்கு என் குடையை இங்க விட்டுட்டுப் போயிட்டேம்மா" என்றேன். அது தை மாதம். நல்லவேளை, அவளும் நாளைப் பார்க்கிறவள் இல்லை.

குடையைத் தேடி நேராகக் கோசலை அம்மா கட்டிலுக்குப் போனேன். கை கழுவினேன். அவர் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் மற்றதை இடுப்புக்குப் பின்னாலும் கொடுத்து, மெதுவாக என் பக்கமாகச் சாய்த்தேன். ஆள் லேசாக இருந்தார். விரிப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறை, அதன் மேல் வேர்வை தேங்கி நின்றது. முதுகின் தோல் வெந்நீரில் ஊறிய மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. முதுகெலும்பு முடிகிற இடத்தில், புட்டத்துக்கு மேலே, ஒரு பஞ்சை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். எடுத்தேன். சாம்பிராணி எதற்கு என்று அப்போது தெரிந்தது. குதிகால் இரண்டும் சிவந்திருந்தன. விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவேயில்லை. அங்கேயும் தொடங்கிவிட்டது.

"எத்தன நாளாம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க வந்தன்னிக்கு ரூவா அகலம் இருந்திச்சாம். ஆயாம்மா சொல்லிச்சி. அன்னிக்கு நீங்க வரப்போறீங்க, விரிப்பு கசங்கக் கூடாதுன்னு காலைல ஆறு மணிலேருந்து ஆட்டாம அசைக்காமப் படுக்கப் போட்டாங்க. எரிச்சலு தாங்கல. இப்ப எம்மாம் இருக்குது? எனக்குத்தான் பாக்க முடியலியே."

நான் குனிந்து புண்ணின் அகலத்தைப் பார்த்தேன்.

"சாசர் அளவு வந்துருச்சா?"

"ஆமாம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் நோயாளி முன்னால் அழக் கூடாது என்று பயிற்சியில் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று அது வேலைக்கு ஆகவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதற்குள் சுகந்தி ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தாள். எங்கள் அறிக்கையின் நகல்.

"சிஸ்டர், இருவது நாளைக்கு முன்னாடி புண்ணு இல்லைன்னு நீங்கதான கையெழுத்து போட்டீங்க? அப்ப இது அதுக்கு அப்புறம் வந்துதானே இருக்கணும்? ஆஸ்பத்திரியில எப்படி எழுதச் சொல்லப் போறீங்கன்னு யோசிச்சிக்குங்க."

அதுவரை 'மேடம்' என்று கூப்பிட்டவள் அன்று 'சிஸ்டர்' ஆக்கிவிட்டாள். கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு கோணல் இல்லை, முத்து முத்தாக இருந்தது.

கோசலை அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண் எலும்பைத் தொட ஒரு நூலிழை இருக்கும்போது வந்திருக்கிறார், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அங்கிருந்து நேராக ஆபீஸுக்குப் போனேன்.

ஞானசேகரன் சார் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பேனாவை உருட்டினார்.

"பாவம் அந்த அம்மா. நல்ல காரியம் செஞ்சீங்க. இப்ப ஒண்ணு பண்ணுங்க. பழைய ரிப்போர்ட்டத் தொடாதீங்க. 'மேற்படி புண் ஆய்வுக்குப் பின்னர் ஏற்பட்டது'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. எல்லாரும் நல்லா இருப்போம்."

"அப்படி எழுதுனா அந்த ஹோம் மேல நடவடிக்கை எடுக்க முடியாதே சார்? ஆறுனதும் அந்தம்மாவ மறுபடி அங்கதான அனுப்புவாங்க? இன்னும் நாலு பேரு அதே பிளாஸ்டிக்லதான் படுத்திருக்காங்க."

"சிஸ்டர், உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் எவ்ளோ இருக்குது?"

"ரெண்டு வருஷம் சார்."

"அத யோசிச்சிப் பாருங்க." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் நல்லதுக்குச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன், வீட்டுக்கடன், பெண்ணின் கல்யாணம் எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கோசலை அம்மாவின் டிரஸ்ஸிங்கை நானே செய்ய உட்கார்ந்தேன். தேவகி பக்கத்தில் நின்றாள். புண்ணைக் கழுவும்போது அந்த அம்மா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இது ஆறுனா மறுபடி அங்கயே கொண்டுபோய் விட்டுருவீங்களா நர்ஸம்மா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் எழுதினேன்.

ஒரே பக்கம்தான். ஆய்வுக்குப் போகும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன், நோயாளியைத் திருப்பிப் பார்க்கவில்லை, பதிவேட்டைப் பார்த்துச் சைபர் எழுதினேன், புண் அன்றே இருந்தது. சாரைத் தாண்டி மேலிடத்துக்கு நேராக அனுப்பினேன். இரண்டு மூன்று இடத்தில் என் எழுத்து கோணியிருந்தது.

அரசாங்கம் வேகமாகச் செயல்படாது என்று யார் சொன்னது? எனக்கு மெமோ ஒன்பதே நாளில் வந்தது. பொறுப்பின்மை, மேலதிகாரியைத் தாண்டிக் கடிதம், அனுமதியின்றி இல்லத்தினுள் நுழைந்தது, குடை உட்பட. குடை விஷயத்தைச் சுகந்தி எழுதிக் கொடுத்திருந்தாள். என் ஊதிய உயர்வை ஒரு வருடத்துக்கு நிறுத்தினார்கள். மெமோவில் கையெழுத்து பச்சை மையில் இருந்தது. இல்லத்துக்கு எச்சரிக்கை வந்தது. பிளாஸ்டிக் உறைகளை எடுக்கச் சொல்லி எல்லா இல்லங்களுக்கும் சுற்றறிக்கை போனது. அந்த நான்கு பேரையும் நானே போய்த் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஆரம்பநிலையில் இருந்தது, காப்பாற்ற முடிந்தது. கோசலை அம்மாவை மறுபடி அங்கே அனுப்பக் கூடாது என்று மேலிடத்திலிருந்து எழுத்தில் வந்தது. தேவகி தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டாள்.

அதோடு படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி முளைத்தது. நாற்பத்தெட்டு: 'படுக்கையில் உள்ளவர் ஆய்வின்போது திருப்பிப் பார்க்கப்பட்டாரா?' ஆம், இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி என் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்தேன், சேர்த்துவிட்டார்கள். புதுப் படிவம் வந்த அன்று மேசையில் ஒரு கட்டு இருந்தது. எல்லாவற்றிலும் நாற்பத்தெட்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று டிக் போட்டு ரெடியாக வைத்திருந்தார்கள்.

அந்தக் கட்டை எடுத்துக் கிழித்துப் போட்டேன். அதற்கு மெமோ வரவில்லை, அவை இன்னும் இருப்புக் கணக்கில் ஏறாத படிவங்களாம். மிச்ச இரண்டு வருடமும் போன இடத்திலெல்லாம் படுக்கையில் இருந்த ஒவ்வொருவரையும் திருப்பிப் பார்த்தேன். சார் ஜீப்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். இல்லங்களில் எனக்குத் 'தோசை சிஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையெழுத்து அங்கேயே, முழங்கால் மேல் வைத்துத்தான். கோணல் மாணலாகத்தான் இருக்கும்.

நான் ஓய்வு பெற்ற அன்று பிரிவு உபசாரம் நடத்தினார்கள். அதற்குள் பதவி உயர்வு பெற்றிருந்த ஞானசேகரன் சார் தலைமை தாங்கி, பொன்னாடை போர்த்தி, "கலாவதி சிஸ்டரோட சேவை அப்பழுக்கில்லாதது" என்று பேசினார். அந்த வார்த்தையையே கண்ணாடிச் சட்டத்தில் போட்டும் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்ட மெமோ அதே ஆபீஸில், அதே அலமாரியில்தான் இருந்தது. படிக்காமலே சான்றிதழ் கொடுக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

அந்தச் சட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதற்கு முன்பே வேறு சான்றிதழ் கிடைத்திருந்தது.

புண் ஆறுவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்துக்கு பஸ் ஏறிப் போனேன். கோசலை அம்மா பருத்தி மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சதை கூடியிருந்தது. கை கழுவிவிட்டு, திருப்பிப் பார்த்தேன். வடு மட்டும்தான் இருந்தது.

"அன்னிக்கு நான் அவ்ளோ சொன்னனே, உங்க காயிதத்துல என்னத்த எழுதுன?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "உற்சாகம்னு எழுதுனேம்மா" என்றேன்.

"செகண்ட்ஸுக்கு ஃபர்ஸ்ட்டு சீல அடிச்சிட்டியே! எங்க கம்பெனியில அப்படி அடிச்சவள மறுநாள் கேட்டுக்குள்ள வுட மாட்டாங்க, தெரியுமா?"

"மன்னிச்சிருங்கம்மா."

"கிட்ட வா."

குனிந்தேன். விரல் கணுவால் என் நெற்றியில் தட்டினார். நன்றாகவே வலித்தது. கப்பைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு முறை தட்டினார்.

"செகண்ட்ஸுதான்" என்றார். "ஆனா ஒழுகாது. போ, போயி வேலையப் பாரு."

தேவகி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடப் பணியில் என்னை ஒழுங்காக ஆய்வு செய்தவர் அவர் ஒருவர்தான்.